நூல் கணக்குக்கு ஒரு பதிவுப் படிவம்

சங்கத்தின் கணக்கைச் சரிபார்ப்பது ஆய்வாளரின் கடமை. தமது கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது ஒவ்வோர் அங்கத்தினரின் உரிமை. இவ்விரண்டுக்கும் உதவும் ஒரு சிறு வேலையை இப்பாடத்தில் கற்றுக்கொள்வோம். நூல் வழங்கலைப் பதிவதற்கான ஒரு படிவத்தைக் கணிப்பொறித் திரையில் நாமே அமைப்பதுதான் அது.

ஏன் அவசியம்?

நெசவாளர் சங்கம் ஒன்றுக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, முதியவரான அங்கத்தினர் ஒருவர் தம் பாஸ் புத்தகத்துடன் வந்து நின்றார். அவர் பெயரில் 4.536 கிலோ நூல் பாக்கி என்று கணக்குக் காட்டியது. அதற்காக அம்மாதக் கூலியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த எடையே நமக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. 4.536 கிலோ என்பது 10 பவுண்டு. அதாவது, பிரிக்காத ஒரு கட்டு நூல். தறியில் ஏற்படும் சேதாரம் இப்படிக் கட்டுக் கணக்காக ஏற்படுவதில்லை.

ரசீதுகளின் அடிக்கட்டைகளைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. அந்தக் கட்டை வாங்கியவர் அதே பெயருடைய வேறோர் அங்கத்தினர். கணிப்பொறிக் கணக்கில் எண்ணைக் குறிக்காமல் பெயரை மட்டும் தட்டச்சு செய்து வந்திருக்கிறார்கள். எழுதியவர் கவனக்குறைவாக இருந்தார் என்பது மெய்யே. ஆயினும், அக்குறைக்கு இடம் கொடுத்தது கணக்குத் தாளின் அமைப்பு. நல்ல படிவம் தவறு நுழையும் வழிகளை முன்கூட்டியே அடைத்துவிடும்.

தேவையான சாதனம்

2010-ஆம் ஆண்டில் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்த லிப்ரே ஆபீஸ் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெறலாம். அதிலுள்ள ‘பேஸ்’ என்ற பகுதியே நமக்கு வேண்டியது. சிறிய சங்கத்தில் ஒரே கணிப்பொறியில் நடக்கும் வேலைக்கு இது போதும். இதன் உள்ளமைந்த தரவுத்தளம் இயங்குவதற்கு ‘ஜாவா’வும் கணிப்பொறியில் இருக்கவேண்டும்.

முதற்படி: இரண்டு அட்டவணைகள்

கணிப்பொறியைத் தொடுமுன் ஒரு காகிதத்தில் இரண்டு அட்டவணைகளை வரைந்துகொள்ள வேண்டும். முதலாவது, அங்கத்தினர் ஜாபிதா. அதில் அங்கத்தினர் எண், பெயர் என இரண்டு கட்டங்கள் போதும். ஆனால் பெயர்க் கட்டத்தில் தந்தை அல்லது கணவர் பெயரையும் தெருவையும் சேர்த்தே எழுதவேண்டும். இரண்டாவது, நூல் வழங்கல். தொடர் எண், தேதி, அங்கத்தினர் எண், நூல் நம்பர், பாவா ஊடையா என்ற குறிப்பு, எடை ஆகியவை அதன் கட்டங்கள்.

பிறகு, பேஸில் புதிய தரவுத்தளத்தைத் தொடங்கி, ‘டேபிள்ஸ்’ பகுதியில் ‘டிசைன் வியூ’வின் வழியாக இவ்விரண்டையும் அமைக்கலாம். ஜாபிதாவில் அங்கத்தினர் எண்ணையும், வழங்கலில் தொடர் எண்ணையும் ‘பிரைமரி கீ’ ஆக்கவேண்டும். தொடர் எண் தானாகவே ஏறும்படி ‘ஆட்டோ வேல்யூ’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுக்கவேண்டும். எடைக்கு ‘டெசிமல்’ வகையைத் தேர்ந்து, தசம இடங்களை 3 என்று மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் அது 0 ஆகவே நிற்கும், 4.536 கிலோ 5 கிலோவாகிவிடலாம். ஒரு பின்னத்தை இழந்தாலும் அது ஓர் அங்கத்தினரின் தலையில்தான் விழும்.

அடுத்து, ‘டூல்ஸ்’ பட்டியலிலுள்ள ‘ரிலேஷன்ஷிப்ஸ்’ வழியாக இரண்டு அட்டவணைகளையும் அங்கத்தினர் எண்ணால் இணைக்கவேண்டும். ஜாபிதாவில் இல்லாத எண்ணுக்கு நூல் வழங்கியதாகப் பதிய முயன்றால், கணிப்பொறி அதை ஏற்காது.

இரண்டாம் படி: படிவம்

‘ஃபார்ம்ஸ்’ பகுதியில் ‘விஸார்டு’ என்னும் வழிகாட்டியைத் திறந்து, வழங்கல் அட்டவணையின் கட்டங்களை நம் ரசீதில் உள்ள வரிசைப்படியே தேர்ந்தெடுக்கவேண்டும். ரசீதும் திரையும் ஒரே ஒழுங்கில் இருந்தால் கண் அலையாது. வழிகாட்டி கேட்கும்போது, புதிய பதிவுகளுக்கு மட்டும் உரிய படிவம் என்று குறிப்பிட்டால், முன்னர் பதிந்தவை திரைக்கு வாரா. கைதவறி மாறவும் மாட்டா.

இனி முக்கியமான வேலை. படிவத்தைத் திருத்தும் நிலையில் திறந்து, அங்கத்தினர் எண் கட்டத்தை ‘லிஸ்ட் பாக்ஸ்’ ஆக மாற்றவேண்டும். பெயரை முதலிலும் எண்ணை இரண்டாவதிலும் தரும் ஒரு ‘குவெரி’யை அமைத்து, அப்பட்டியலுக்கு ஆதாரமாகக் கொடுக்கவேண்டும். ‘பவுண்டு ஃபீல்டு’ என்பதில் 1 இருக்கவேண்டும். இங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால், 1 என்பது இரண்டாவது கட்டமான எண்ணைக் குறிக்கும். அப்போது திரையில் தந்தை பெயருடனும் தெருவுடனும் அங்கத்தினர் பெயர் தெரியும். கணக்கில் ஏறுவதோ அவருடைய எண். ஒரே பெயருடையோர் இருவர் இனி ஒருவராக மாட்டார்கள்.

நூல் நம்பரையும் இவ்வாறே பட்டியலிலிருந்து எடுக்கச் செய்வது நலம். 840 கெஜம் ஒரு சிட்டம். 10 பவுண்டில் 40-ஆம் நம்பர் நூல் 400 சிட்டம். 60-ஆம் நம்பர் நூலோ 600 சிட்டம். எடை சரியாக இருந்தும் நம்பர் தவறினால், வரவேண்டிய துணியின் கணக்கே மாறிப்போகும்.

எடைக் கட்டத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் விதிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வரம்பை மீறிய எண்ணை அடித்தால், கணிப்பொறி ஒன்றும் சொல்லாமல் வரம்பு எண்ணையே அங்கு வைத்துவிடக்கூடும். ஆகவே, பதிந்த எடையை அங்கத்தினருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பின்னரே அடுத்த பதிவுக்குச் செல்லவேண்டும்.

மூன்றாம் படி: காத்தல்

பதிவு முடிந்ததும் பேஸின் முதன்மைச் சாளரத்திலும் சேமிப்புப் பொத்தானை அழுத்த மறக்கலாகாது. இவ்வகைத் தரவுத்தளத்தில், அவ்வாறு செய்யும் வரையில் பதிவுகள் கோப்பில் முழுமையாகச் சேராதிருக்கலாம். இடையில் மின்சாரம் நின்றால் அன்றைய உழைப்பு வீணாகும். மாலையில் பிரதி ஒன்றை வேறு சாதனத்தில் எடுத்து வைக்கவேண்டும். அடிக்கட்டைகளையும் பத்திரப்படுத்தவேண்டும். மேற்கூறிய முதியவருக்கு நிறுத்திய கூலியைத் திரும்பப் பெற்றுத் தந்தவை அந்த அடிக்கட்டைகளே.

விவசாய அங்கத்தினர்களின் சங்கங்களிலும் விதை, உர வழங்கலுக்கு இதே முறை பொருந்தும். கட்டங்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

பயிற்சி

1. சென்ற மாதத்து அடிக்கட்டைகளில் இருபதை எடுத்துப் புதிய படிவத்தில் பதிக. இரண்டின் மொத்த எடையும் ஒன்றாக இருக்கிறதா?

2. ஜாபிதாவில் இல்லாத ஓர் எண்ணை வழங்கல் அட்டவணையில் நேரே இட்டுப் பார்க்க. அது ஏற்கப்பட்டால், எந்தப் படியில் பிழை நேர்ந்தது?

3. உங்கள் சங்கத்தில் ஒரே பெயருடைய அங்கத்தினர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கணக்குகளை முதலில் சரிபார்க்க.