பழைய காரின் அடியில் சத்தம்: மலைநாட்டு ரோட்டில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் சத்தமே இல்லாமல் வரும் கார், தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பியதும் கடகடக்கத் தொடங்கும். கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஷொக் அப்சோபர் போயிட்டு, மாத்தணும்." மாற்றுகிறோம். பணம் போகிறது, சத்தம் போவதில்லை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றிருந்தவர்களும் பழைய சன்னியையும் கொரோலாவையும் மாருதி 800ஐயும் வைத்தே சமாளித்தார்கள். இருபது, முப்பது வயதான அந்த வண்டிகளில் இறப்பர் பாகங்கள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. ரோட்டின் பங்கும் சிறியதல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2018இல் வந்த திருத்தம்தான் அதற்கு வழி திறந்தது. இன்னும் பல தோட்டங்களில் கல் ரோட்டு கல் ரோட்டாகவே இருக்கிறது. அந்த ரோட்டில் ஓடும் காருக்கு எதை மாற்றுவது என்று முடிவெடுக்குமுன், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

ஜெக்கைக் கையில் எடுப்பதற்கு முன்

டிக்கியை முழுதாகக் காலி செய்யுங்கள். ஸ்பெயார் டயர், ஜெக், ஸ்பெனர் பை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு அதே ரோட்டில் ஒருமுறை ஓட்டுங்கள். பட்டரியை இறுக்கும் பட்டி, சைலன்சரைத் தாங்கும் இறப்பர், நம்பர் தகடு ஆகியவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சஸ்பென்ஷன் சத்தம் என்று வரும் பலவற்றின் கதை இங்கேயே முடிந்துவிடும்.

மலை ரோட்டின் ஒரு பக்கம் மண்திட்டு அல்லது கல் கட்டு, மறுபக்கம் பள்ளம். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடியை இறக்கி, ரேடியோவை நிறுத்தி, கல் கட்டை ஒட்டி மெதுவாகப் போனால் அந்தப் பக்கச் சில்லின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதே ரோட்டில் திரும்பி வரும்போது மறுபக்கத்தைக் கேட்கலாம். பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்தால் முன்னா பின்னா என்பதும் தெரிந்துவிடும்.

கற்கள் மேல் கடகடக்கும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது சஸ்பென்ஷன் அல்ல. பிரேக் பேட் அல்லது கலிப்பர் தளர்ந்து ஆடுகிறது.

ஒரே நாளில் முடிவு கட்டாதீர்கள். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் இறப்பர் விறைத்துக் 'கிறீச்' என்னும். வெயில் ஏறியதும் நின்றுவிட்டால் அவசரமில்லை. காலையும் மாலையும் ஒரேமாதிரி கேட்டால் தேய்மானம்தான்.

சத்தம் சொல்லும் இடம்

சின்னச் சின்னக் கற்களில் 'டக் டக்' என்று விடாமல் கேட்டால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்கையும் அதன் புஷ்களையும் பாருங்கள். விலை குறைவு, வேலையும் சுலபம். பிரேக் போடும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை தட்டினால் லோவர் ஆமின் புஷ். மாருதி 800இல் லோவர் ஆமை முன்பின் அசையாமல் பிடித்திருப்பதே ஸ்டெபிலைசர் பார்தான். அதன் புஷ் போனால் இதே தட்டல் வரும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடுவதுபோல் 'டொங்' என்றால் ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஏறும்போது சில்லுச் சுற்றுக்கு ஏற்ப 'டக்டக்டக்' என்று வேகம் பிடித்தால் சீ.வீ. ஜொயின்ட், அதன் இறப்பர் உறை கிழிந்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அட்டன், வட்டவளைப் பக்கம் பெய்கிற மழையில் சேறும் மணலும் அந்தக் கிழிசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

'ஊ' என்ற இரைச்சல் வேகத்தோடு ஏறினால் சில்லுப் பெயரிங். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடப்பக்கச் சில்லுகளில் விழும். அப்போது இரைச்சல் கூடினால் சந்தேகம் இடப்பக்கத்தின் மேல்.

ஷொக் அப்சோபர் கெட்டால் முதலில் தெரிவது சத்தமல்ல, துள்ளல். காரின் மூலையை அமுக்கி விட்டால் இரண்டு மூன்று முறை ஆடும், அல்லது தண்டின் மேல் எண்ணெய் வடிந்திருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் ஷொக் வாங்காதீர்கள்.

சரிவில் தூக்காதீர்கள்

மலைநாட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சமதரை கிடைப்பது இங்கே கஷ்டம், அதனால் லயத்துக்குப் பக்கத்துச் சரிவிலேயே ஜெக் போடுகிறார்கள். கியரில் போட்டிருக்கிறோம், ஓடாது என்று நம்புகிறார்கள். முன்சில்லு இழுக்கும் காரில் ஒரு முன்சில்லைத் தூக்கிய கணமே கியரின் பிடி போய்விடும். தூக்கிய சில்லு சும்மா சுற்றும், தரையிலுள்ளது உருளத் தடையில்லை. பின்சில்லைத் தூக்கினால் ஹேண்ட் பிரேக்கின் பிடி ஒரு சில்லுக்குக் குறைந்துவிடும். ஆகவே பாடசாலை மைதானமோ கோயில் முற்றமோ, கேட்டு அனுமதி வாங்கிச் சமதரைக்குப் போங்கள். தரையிலிருக்கும் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கடியில் ஒருபோதும் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம்.

தூக்கிய பிறகு சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங்; தொடர்ந்தால் போல் ஜொயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ரொட் என்ட். புஷ்ஷைப் பார்க்கச் சின்ன அலவாங்கால் ஆமை மெல்ல நெம்பினால் போதும்.

உடனே நிறுத்த வேண்டியவை

போல் ஜொயின்ட் ஆட்டம், டை ரொட் என்ட் ஆட்டம், உடைந்த ஸ்பிரிங், உறுமும் பெயரிங். இவற்றோடு "அடுத்த சம்பளம் வரட்டும்" என்று ஓட்டாதீர்கள். போல் ஜொயின்ட் கழன்றால் சில்லு மடிந்துவிடும், ஸ்டியரிங் கையில் நிற்காது. றம்பொடை இறக்கத்தில் அப்படி நடந்தால் ஒதுங்க இடமில்லை. போல் ஜொயின்டை வெல்டிங் வைத்து இறுக்கித் தருவதாக யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

1948 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனரை இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: முன்சில்லைத் தாங்கும் ட்ரனியனின் மரை தேய்ந்தால் அந்தச் சில்லும் இதேபோல் மடியும். கிரீஸ் நிப்பிள்களைத் தவறாமல் கவனியுங்கள்.

லிங்க் தட்டல், புஷ் கிறீச்சிடல் போன்றவை சில வாரம் பொறுக்கும். குடும்பத்துக் கணக்கில் எதை முதலில் செய்வது என்று இதை வைத்து முடிவெடுக்கலாம்.

கராஜில்

சேவிஸ் நிலையத்தில் அடிப்பகுதிக்குப் பழைய எண்ணெய் அடிக்க விடாதீர்கள். தகடு துருப்பிடிக்காது என்பது சரிதான், ஆனால் எண்ணெய் பட்ட இறப்பர் புஷ் ஊதி மெதுவாகிவிடும். கிறீச்சை அடக்க வேண்டுமானால் சிலிக்கன் ஸ்பிரே போதும்.

பஞ்சிகாவத்தையில் பழைய லோவர் ஆம், நக்கிள் போன்ற இரும்புப் பாகம் வாங்கலாம். பழைய புஷ்ஷோ பழைய போல் ஜொயின்டோ வாங்காதீர்கள். ஓடாமல் கிடந்தாலும் இறப்பருக்கு வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

புஷ் மாற்றும்போது ஒன்றை நேரில் நின்று பாருங்கள். சில்லு தொங்கிக்கொண்டிருக்கையில் ஆமின் போல்ட்டை முழுதாக இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் இறப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழியும். பாரம் சில்லில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கு. வசதியில்லாத கராஜில் ஆமுக்குக் கீழே இன்னொரு ஜெக் வைத்து அந்த உயரத்துக்குத் தூக்கி இறுக்கச் சொல்லுங்கள். புது புஷ் மூன்று மாதம்கூட வரவில்லை என்று கேட்கும் குறைகளில் பல இந்த இறுக்கில்தான் தொடங்குகின்றன.

ஸ்ட்ரட்டின் நடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அவிழ்க்க விடாதீர்கள். விடுபடும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஷொக் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

டை ரொட் என்டோ லோவர் ஆமோ மாற்றினால் வீல் எலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பட்டை ஸ்பிரிங் உள்ள வேனாக இருந்தால், புதிதாகப் போட்ட யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் அவை தளரும்.