விடுதலைப் போரும் மகளிர் உரிமையும்: மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் – முக்கியக் குறிப்புகள்

இந்திய மாதர் சங்கம்
• தோற்றம்: 1917 மே 8, அடையாறு. இந்திய அளவில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட முதல் முயற்சி இங்கிருந்தே.
• முதல் தலைவர்: அன்னி பெசன்ட். உடன் நின்று நிறுவியோர்: மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா.
• இதழ்: ஸ்திரீ தர்மம் (1918). ஆங்கில மாத இதழ். தமிழ், தெலுங்குப் பகுதிகளும் உண்டு.
• 1917 டிசம்பர்: சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு, சென்னையில் இந்தியச் செயலர் மாண்டேகுவுடன் சந்திப்பு. கோரிக்கை: ஆண்களுக்கு எந்தத் தகுதியோ அதே தகுதியில் பெண்களுக்கும் வாக்கு.
• 1919 இந்திய அரசுச் சட்டத்தில் பெண்களுக்கு நேரடியாக வாக்குரிமை இல்லை. முடிவு மாகாணச் சட்டமன்றங்களிடம்.
• பிரிட்டிஷ் இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணம்: சென்னை, 1921. சொத்துத் தகுதி உடையோருக்கு மட்டும். ஏழைப் பெண்களுக்கு இல்லை.
• 1921 வாக்களிக்கும் உரிமை. 1926 உறுப்பினராகும் உரிமை. இரண்டு ஆண்டுகளும் தனித்தனியே மனனத்துக்கு உரியவை.
• அகில இந்திய மகளிர் மாநாடு வேறு அமைப்பு: 1927, புனே. அதற்கு முன்முயற்சி எடுத்தவரும் கசின்ஸே.

அன்னி பெசன்ட்
• நியூ இந்தியா நாளிதழ், 1914. தன்னாட்சி இயக்கம், 1916 செப்டம்பர்.
• 1917 ஜூன்: உதகையில் வீட்டுக்காவல், உடன் இயக்கத் தோழர்கள் அருண்டேல், வாடியா. செப்டம்பரில் விடுதலை.
• காங்கிரசின் முதல் பெண் தலைவர்: 1917, கல்கத்தா. முதல் இந்தியப் பெண் தலைவர் சரோஜினி நாயுடு: 1925, கான்பூர்.

மார்கரெட் கசின்ஸ்
• அயர்லாந்துப் பெண். அங்கு வாக்குரிமைப் போரில் சிறை, இங்கு விடுதலைப் போரில் சிறை.
• ஜன கண மன பாடலின் மெட்டுக்கு இசைக்குறிப்பு எழுதியவர்: 1919, மதனப்பள்ளி.
• 1932: அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறை, ஓராண்டுத் தண்டனை. இசைக்குறிப்போடு நிறுத்திவிடாமல், பாடநூல்கள் முதலில் சொல்லவேண்டிய செய்தி இது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968)
• பிறப்பு: ஜூலை 30, புதுக்கோட்டை. அந்த நாள் தமிழ்நாட்டில் மருத்துவமனை தினம்.
• புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பட்டம்: 1912.
• மாதர் சங்கப் பரிந்துரையில் சென்னைச் சட்ட மேலவை நியமன உறுப்பினர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். மேலவைத் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வு.
• 1930: காந்தி கைதைக் கண்டித்துப் பதவி விலகல். சமூகச் சீர்திருத்தவாதி என்ற ஒற்றைப் பட்டியலில் இவரை அடைப்பது சரியன்று. விடுதலைப் போராட்டப் பட்டியலிலும் இடம் உண்டு.
• பொட்டுக்கட்டுதல்: சிறுமியைக் கோயில் தெய்வத்துக்கு மணமுடித்து ஒப்படைக்கும் வழக்கம். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டோர் தேவதாசிகள்.
• 1927: இவ்வழக்கத்தை ஒழிக்க மேலவையில் முத்துலட்சுமியின் தீர்மானம். 1929 சட்டத்திருத்தம்: கோயில் பணிக்கு ஈடாக வந்த மானிய நிலம், பணிக் கடமையின்றி அப்பெண்களுக்கே உரிமை.
• தேவதாசி ஒழிப்புச் சட்டம்: 1947. அப்போது சென்னை மாகாணப் பிரதமர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே 20 ஆண்டுகள்.
• எதிர்த்தோர்: மேலவையில் சத்தியமூர்த்தி, வெளியே பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிகள் சிலர். இப்பெண்களின் அச்சம்: கலை, சொத்து, பிழைப்பு மூன்றும் பறிபோகும் என்பது. அவர்கள் வாதமும் வரலாற்றின் பகுதி.
• அவ்வை இல்லம், 1930: பொட்டுக்கட்டுதலுக்குத் தப்பி வந்த சிறுமியரை விடுதிகள் சேர்க்க மறுப்பு, முத்துலட்சுமி தம் வீட்டிலேயே அடைக்கலம். தொடக்கம் மயிலாப்பூர்ப் பகுதி. இன்று அடையாறு பெசன்ட் அவென்யூ.
• அடையாறு புற்றுநோய் மருத்துவமனை: அடிக்கல் 1952 (நேரு), திறப்பு 1954. பத்மபூஷண்: 1956.

சகோதரி சுப்புலட்சுமி (1886–1969)
• மயிலாப்பூரில் பிறப்பு, குழந்தை விதவை. மாநிலக் கல்லூரிப் பட்டம்: 1911.
• சாரதா மகளிர் சங்கம்: 1912. இளம் விதவைகள் தங்கிப் படிக்க விடுதி; கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடம். 1842-இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. 1897-இல் விவேகானந்தர் தங்கியது. இன்று விவேகானந்தர் இல்லம். இக்கட்டடம் என்றதும் விதவைகள் விடுதியும் நினைவில் நிற்கவேண்டும்.
• குப்பத்து மீனவக் குழந்தைகளுக்குப் பள்ளி.
• லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி: 1922, முதல் முதல்வர்.
• சாரதா வித்யாலயா, தியாகராய நகர்: 1938-இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைப்பு.
• வித்யா மந்திர், மயிலாப்பூர்: 1956. பத்மஸ்ரீ: 1958.

சிறை சென்றோர்
• கடலூர் அஞ்சலையம்மாள் (1890–1961): 1927 நீல் சிலை அகற்றும் போராட்டம், மவுண்ட் ரோடு. நீல்: 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய பிரிட்டிஷ் தளபதி. மகள் அம்மாக்கண்ணுவும் சிறுமியாகவே களத்தில். அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டவர் காந்தி. சிலை அகற்றம்: 1937, ராஜாஜி அமைச்சரவை. அஞ்சலையம்மாள் அதே ஆண்டில் சட்டமன்ற உறுப்பினர். அடித்தட்டிலிருந்து வந்த இவர் பெயர் முன்வரிசையில் இருக்கவேண்டியது.
• ருக்மிணி லட்சுமிபதி: 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம், சிறை. 1937 சட்டப்பேரவைத் துணைச் சபாநாயகர். 1946 பிரகாசம் அமைச்சரவையில் சுகாதாரம். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். எழும்பூர் மார்ஷல் சாலை இன்று இவர் பெயரில்.
• எஸ். அம்புஜம்மாள் (பிறப்பு 1899): தந்தை மயிலாப்பூர் வழக்கறிஞர் எஸ். சீனிவாச ஐயங்கார், 1926 குவாஹாட்டி காங்கிரஸ் தலைவர். செல்வக் குடும்பம், வைரம் துறந்து கதர். 1932 அந்நியத் துணி மறியல், சிறை. சீனிவாச காந்தி நிலையம்: 1948. தன்வரலாறு: நான் கண்ட பாரதம். பத்மஸ்ரீ: 1964.
• வை.மு. கோதைநாயகி: திருவல்லிக்கேணி. ஜகன்மோகினி இதழாசிரியர், 115 நாவல்கள். 1932 சிறை, சிறையிலும் எழுத்து.

துர்காபாய் தேஷ்முக்
• 1923 காக்கிநாடா கதர்க் கண்காட்சி: நுழைவுச்சீட்டு இல்லாத நேருவை வாயிலில் நிறுத்திய சிறுமித் தொண்டர்.
• 1930 சென்னை உப்புச் சத்தியாகிரகம். மதுரைச் சிறையில் தனிக்கொட்டடி.
• ஆந்திர மகிள சபா: 1937, மயிலாப்பூர்.
• அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் 15. சென்னையிலிருந்து: துர்காபாய், அம்மு சுவாமிநாதன், தாட்சாயணி வேலாயுதன். தாட்சாயணி: சபையின் ஒரே தலித் பெண்.
• மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவர்: 1953. பெண் கல்விக் குழு: 1958. பத்மவிபூஷண்: 1975.

1938 மாநாடும் மறியலும்
• நவம்பர் 13: தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, சென்னை ஒற்றைவாடை நாடக அரங்கு. தலைமை: நீலாம்பிகை அம்மையார் (மறைமலையடிகள் மகள்). ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் பட்டம் இங்கே. பட்டத்தை மட்டும் நினைவில் வைத்து, அதை வழங்கியவர்கள் பெண்கள் என்பதை விடுவது பெரும் குறை.
• முன்னின்றோர்: டாக்டர் தருமாம்பாள், மீனாம்பாள் சிவராஜ் (ரங்கூனில் பிறந்த தலித் தலைவர்), மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்.
• நவம்பர் 14: கட்டாய இந்தி எதிர்ப்பு மறியல், கைக்குழந்தைகளோடு பெண்கள் கைது.

கடல் கடந்த படை
• கேப்டன் லட்சுமி: சென்னையில் பிறப்பு (1914), சென்னை மருத்துவக் கல்லூரி. தாய்: அம்மு சுவாமிநாதன்.
• ஜான்சி ராணிப் படை: 1943, சிங்கப்பூர். இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவு, தலைமை கேப்டன் லட்சுமி. பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்திய மண்ணைப் பார்க்காமலே அதற்காகத் துப்பாக்கி ஏந்தியோர் பலர்.
• ஜானகி ஆதி நாகப்பன்: கோலாலம்பூர், படையில் லட்சுமிக்கு அடுத்த நிலை. பத்மஸ்ரீ: 2000.

இவர்கள் பெயரில் அரசுத் திட்டங்கள்
• டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: மகப்பேறு நிதியுதவி, கலப்புத் திருமண நிதியுதவி. ஒரே பெயரில் இரு திட்டங்கள்.
• டாக்டர் தருமாம்பாள் அம்மையார்: விதவை மறுமண நிதியுதவி.
• மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்: திருமண உதவி (1989). 2022 முதல் உயர்கல்வி உறுதித் திட்டம், அதாவது புதுமைப் பெண். தொடக்கத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் ரூ.1,000.