விமானியும் காற்றும்

கரிசற்களத்தில் பொலி தூற்றுவோர் முதற்கண் காற்றின் திசையையே நோக்குவர். விமானிக்கும் அதுவே முதற்பாடம்.

ஆடிமாத மேல்காற்றில் கோவில்பட்டியினின்று நேர்வடக்கே செல்லும் விமானமொன்றைக் கருதுவோம். காற்றினூடே அதன் வேகம் மணிக்கு 100 கடல்மைல். மேல்காற்றின் வேகம் 20 எனக் கொள்வோம். முகத்தை வடக்கே வைப்பின், ஒரு மணிநேரத்தில் அது 20 கடல்மைல் கிழக்கே விலகும். மேற்கே ஏறத்தாழ 12 பாகை திருப்பின் நேர்வழி செல்லும். தரைமீது அதன் வேகம் 98 ஆகும்.

இதனைக் கணிக்க 1930-களில் அமெரிக்கராகிய பிலிப் டால்ட்டன் வட்டக் கணிப்பான் அமைத்தார். இன்று கைபேசிச் செயலி நொடியிற் கூறும். ஆயினும், காற்று வருதிசையை மேற்கென்னாது கிழக்கெனப் பதியின் அது மறுக்காது. கிழக்கே 12 பாகை திருப்புக என்னும். அப்பொழுது விலக்கம் 40 கடல்மைலாகும்.

ஆதலின், முதலில் தாளில் காற்று முக்கோணம் வரைவோம். பின்னரே செயலியை வினவுவோம்.