பழைய லாரி எஞ்சினில் காரணம் புலப்படாத எண்ணெய்க் குறைவு

பல ஆண்டுகள் ஓடிய டீசல் லாரிகளைப் பற்றி ஒரு குறை அடிக்கடி கூறப்படுகிறது. சம்பிலுள்ள மசகெண்ணெய் நாள்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. ஆயினும் வண்டி நின்ற இடத்தில் தரையில் கறை இல்லை. புகைக்குழாயிலும் நீலப் புகை தென்படுவதில்லை. இத்தகைய நிலையில் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்பதே. அவ்விடை சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். எனினும், லைனரும் பிஸ்டனும் மாற்றி, வண்டியைப் பல நாள் நிறுத்திவைத்த பின்னரும் எண்ணெய் முன்போலவே குறைவதுண்டு. கடன் தவணை கட்டிக்கொண்டு ஒரே லாரியை ஓட்டிப் பிழைப்பவருக்கு இது எளிதில் தாங்கக்கூடிய பிழையன்று.

எண்ணெய் எஞ்சினை விட்டு நீங்குவதற்கு மூன்று வழிகளே உள்ளன. அது வெளியே கசியலாம். சிலிண்டரில் எரிந்து போகலாம். எஞ்சினோடு இணைந்த வேறொரு கருவிக்குள் செல்லலாம். மூன்றாவது வழி எளிதில் மறக்கப்படுவது. இவை மூன்றையும் ஆராயுமுன், குறைவு உண்மையானதா என்பதை அளந்து அறிதல் வேண்டும்.

அளவு காட்டும் டிப்ஸ்டிக் எப்போதும் நம்பத்தக்கதன்று. பழைய வண்டிகளில் வேறு எஞ்சினின் டிப்ஸ்டிக் செருகப்பட்டிருத்தல் அரிதன்று. அது உண்மை அளவைக் குறைத்துக் காட்டுமாயின், ஓட்டுநர் மேல் குறி வரை நிரப்பும்போது சம்பில் மிகை எண்ணெய் சேர்கிறது. கிராங்க் தண்டு அதனைக் கடைந்து சிதறடிக்க, மிகையானது பிரீதர் வழியாகவும் ரிங்குகளைத் தாண்டியும் வெளியேறிவிடுகிறது. இவ்வாறு குறையும் எண்ணெய், ஒரு மட்டத்தை அடைந்ததும் குறைவதை நிறுத்திக்கொள்ளும். அம்மட்டம் மீண்டும் மீண்டும் ஒன்றாகவே இருப்பின் ஐயத்திற்குரியது டிப்ஸ்டிக்தான். சம்பை முழுவதும் வடித்து, தயாரிப்பாளர் குறித்த அளவை லிட்டர் கணக்கில் ஊற்றி, புதிய குறி இட்டுவிட்டால் இவ்வையம் நீங்கும்.

அதன்பின் அளவை, நாள்தோறும் ஒரே சமதரையில், எஞ்சின் நின்று கால் மணி நேரம் கழித்துப் பார்த்தல் வேண்டும். ஊற்றும் எண்ணெயையும் டீசலையும் 1,000 கிலோமீட்டருக்குக் குறித்து வைத்தல் நலம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி இத்தொலைவுக்கு 250 லிட்டர் டீசலைக் கொள்ளும். பழைய எஞ்சின்களில் டீசலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை எண்ணெய் செலவாதல் பொதுவாகப் பொறுக்கத்தக்கதாகக் கருதப்படுகிறது. அஃதாவது இங்கு 2.5 லிட்டர். ஆகவே 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிறது என்பது குறையே அன்று.

செலவு இதனினும் மிகுமாயின், புகையும் கறையும் இல்லாமை கொண்டு எதையும் விலக்கிவிடலாகாது. இதற்குச் சிறிய கணக்கொன்று போதும். வகுப்பிலும் செய்து காட்டலாம். டாட்டா 697 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர்கள், துளை 97 மி.மீ., வீச்சு 128 மி.மீ.; கொள்ளளவு 5.675 லிட்டர். நிமிடத்திற்கு 2,000 சுற்றில் ஓடும்போது, நான்கு வீச்சு முறையில், மணிக்கு 3,60,000 எரிதல்கள் நிகழ்கின்றன. ஐந்து மணி நேரத்தில் ஒரு லிட்டர் எண்ணெய் முழுவதும் எரிந்தாலும், ஓர் எரிதலின் பங்குக்கு வருவது அரைக் கன மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் அளவுதான். இவ்வளவு சிறிய அளவு சூடான எஞ்சினில் முற்றும் எரிந்து, கண்ணுக்குப் புலப்படாமலே போகலாம்.

கசிவும் அவ்வாறே. ஒரு மில்லிலிட்டருக்கு 25 துளி எனக் கொண்டால், நொடிக்கு ஒரு துளி விழும் கசிவு ஏழு மணி நேரத்தில் ஒரு லிட்டரை வெளியேற்றிவிடும். ஓடும்போது மட்டும் எண்ணெய்க்கு அமுக்கம் இருப்பதால், அத்துளிகள் யாவும் சாலையில் விழுந்துவிடும். நிற்குமிடம் உலர்ந்தே இருக்கும். எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளை எங்கும் தூவி, 15 கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்த்தால் ஈரம் பட்ட இடம் தெரியும். எண்ணெய் கீழ்நோக்கியும், காற்றின் வேகத்தால் பின்நோக்கியும் படரும் இயல்புடையது. ஆதலின் ஈரத்தின் மிக உயர்ந்த, மிக முன்னுள்ள புள்ளியையே கருத வேண்டும். சம்பு கேஸ்கட் நனைந்திருப்பது கண்டு அதனையே மாற்றிவிடுவது வழக்கமான தவறு. மேலே டாப்பெட் மூடியில் தொடங்கிய கசிவே அங்கு வழிந்திருக்கக்கூடும்.

புதிய ஆயில் சீல் பொருத்திச் சில நாளில் மீண்டும் கசிந்தால், சீலைக் குறை கூறுவதற்கு முன் பிரீதரைப் பார்க்க வேண்டும். ரிங்குகளைத் தாண்டி வரும் வாயு வெளியேறும் வழி அதுவே. தூசி மிகுந்த சாலைகளில் அதன் வலை அடைபட்டு, உள் அமுக்கம் எண்ணெயைச் சீல்கள் வழியே தள்ளுகிறது. டிப்ஸ்டிக் துளையில் ரப்பர் அடைப்பின் வழியாக நீர் நிறைந்த ஒரு வளைகுழாயை இணைத்தால் அமுக்கத்தைக் கண்ணால் காணலாம். பிரீதரைக் கழற்றியதும் நீர்மட்ட வேறுபாடு வெகுவாகக் குறைந்தால் குறை அடைப்பில்தான். கழற்றிய பின்னரும் மிகுதியாகவே இருந்தால் ரிங்குகளின் மீது ஐயம் கொள்ளலாம்.

இனி, மறக்கப்படும் மூன்றாவது வழி. காற்று பிரேக் உள்ள லாரிகளில் ஏர் கம்ப்ரசர் எஞ்சினின் எண்ணெயாலேயே மசகிடப்படுகிறது. அதுவும் பிஸ்டனும் ரிங்கும் கொண்ட ஒரு சிறு இயந்திரமே. எஞ்சினைப் போலவே தேய்வது. அதன் காற்று வடிகட்டி அடைபட்டிருந்தால், உறிஞ்சு வீச்சின்போது எண்ணெய் மேலே இழுக்கப்படும். அவ்வெண்ணெய் காற்றோடு கலந்து ஏர் டாங்கிக்குச் செல்கிறது. டாங்கி நிறைந்தபின், அன்லோடர் வால்வு மிகைக் காற்றை வண்டிக்கு அடியில் வெளியேற்றும்போது எண்ணெயும் அதனுடன் தூவப்பட்டுப் போகிறது. தரையில் கறையின்மையும் புகையின்மையும் ஒருங்கே அமைவது இங்குதான்.

இதனை அறிவது எளிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அன்லோடரின் வெளிவாய்க்கு எதிரே வெள்ளை அட்டையொன்றைப் பிடித்தால் எண்ணெய்ப் புள்ளிகள் படியும். ஏர் டாங்கியின் வடிகுழாயைத் திறந்தால், நீரும் எண்ணெயும் கலந்த பழுப்புக் குழம்பு வரும். சிறிது நீரும் எண்ணெய்ச் சாயலும் இயல்பே; கரண்டிக் கணக்கில் வருதல் இயல்பன்று. இதனைப் புறக்கணித்தால் நட்டம் எண்ணெயோடு நில்லாது. எண்ணெய் பட்ட ரப்பர் டயாபிரங்கள் உப்பிக் கெடும். கம்ப்ரசரின் சூடான வெளிக்குழாயில் கரி படிந்து துளை குறுகும். மும்பை – புணே சாலையின் போர் கணவாய் போன்ற நீண்ட இறக்கத்தில், சுமையோடு செல்லும் லாரியின் பிரேக் தளர்வதற்கு இதுவே காரணமாகலாம். எஞ்சினை இறக்கும் செலவில் ஒரு சிறு பகுதியே கம்ப்ரசரைப் பழுது பார்க்கத் தேவைப்படும்.

எண்ணெய்க் குளிர்விப்பான் உள்ள எஞ்சின்களில் ரேடியேட்டரையும் திறந்து பார்த்தல் வேண்டும். எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே மூடியைத் திறக்கலாம். ஓடும்போது எண்ணெயின் அமுக்கம் நீரின் அமுக்கத்தைவிட மிகுதி; ஆதலால் துளைபட்ட குளிர்விப்பானில் எண்ணெய் நீருக்குள் புகுந்து, மேலே ஆடையாக மிதக்கும். நிறுத்தியபின் நிலை மாறி, சூடான நீர் எண்ணெய்க்குள் புகலாம். ஐயமிருப்பின் சூடான இரும்புத் தகட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டால், நீர் கலந்த எண்ணெய் படபடவென்று பொரியும்.

இவை யாவும் விலகிய பின்னரே சிலிண்டருக்குள் செல்ல வேண்டும். சாதாரண டீசல் எஞ்சினில் உறிஞ்சு வழி அடைபடாததால், வால்வு கைடு வழியே எண்ணெய் இழுக்கப்படுவது பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவு. காற்றழுத்தக் கவர்னர் கொண்ட பழைய எஞ்சின்கள் இதற்கு விலக்கு. அவற்றின் உறிஞ்சு வழியில் ஒரு தட்டு உண்டு. இறக்கத்தின் முடிவில் ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் நீலப் புகை எழுந்து மறைந்தால் கைடுகளை நினைக்கலாம். சுமையேற்றத்தில் இடைவிடாது எழுந்தால் ரிங்குகளை நினைக்கலாம். கம்ப்ரஷன் சோதனை நல்ல எண்ணைக் காட்டுவதால் மட்டும் ரிங்குகள் குற்றமற்றவை என்றாகாது. அமுக்கத்தைக் காப்பவை மேல் ரிங்குகள். எண்ணெயை வழிப்பது கீழுள்ள ஆயில் ரிங். அது கரியேறி ஒட்டிக்கொண்டிருப்பினும் அமுக்கம் குறைவதில்லை.

இறுதியாக, எண்ணெய் குறையாததுபோல் தோன்றும் எஞ்சினும் ஐயத்திற்குரியதாகலாம். டீசல் பம்பின் கேம் அறைக்கு எஞ்சின் எண்ணெயே செல்லும் அமைப்புகளில், தேய்ந்த பம்பிலிருந்து கசியும் டீசல் சம்பை அடைந்து, இழந்த எண்ணெயின் இடத்தை நிரப்பிவிடுகிறது. டிப்ஸ்டிக் மாறாமலே நிற்கும். வடிதாளில் ஒரு துளி எண்ணெயை இட்டுச் சில மணி நேரம் வைத்தால், கரிய நடுப்பகுதியைச் சுற்றி நிறமற்ற அகன்ற வளையம் படரும். அவ்வளையமும் டீசல் வாடையும் காணப்பட்டு, எண்ணெய் அமுக்கமானியின் முள்ளும் வழக்கத்திற்குக் கீழே நின்றால், பம்பு சீராக்கப்பட்டு எண்ணெய் மாற்றப்படும் வரை அவ்வண்டியைச் சுமையோடு அனுப்பலாகாது, பேரிங்குகள் உருகிவிடும்.