ஒரே ராத்திரியில் குட்டை வத்திப் போகாம இருக்க...



தோட்டத்து ஓரமா சின்னக் குட்டை வெட்டி, அதில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை விட்டு வளர்க்கும் வேலையில் நம் சகோதரிகள் பலர் இறங்கியிருக்கிறார்கள். குஞ்சு எங்கே வாங்குவது, தவிடும் பிண்ணாக்கும் எவ்வளவு போடுவது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ஆனால் குட்டையில் இருக்கும் தண்ணீர் எந்த வழியில் போகும் என்பதை, போன பிறகுதான் யோசிக்கிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

திருமங்கலம் பக்கம் நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் கடன் வாங்கிக் குட்டை போட்டார். மீன் ஏழு மாதம் நன்றாக வளர்ந்தது. பங்குனி மாதம், குட்டைத் தண்ணீரைக் கத்தரிச் செடிக்குப் பாய்ச்சலாம் என்று மோட்டாரைப் போட்டார். மீன் கழிவு கலந்த தண்ணீர் செடிக்கு நல்ல உரம், அதனால் அவர் செய்தது சரியான வேலைதான். பாதியில் கரண்ட் போய்விட்டது. "சரி, காலைல பாத்துக்கலாம்" என்று வீட்டுக்கு வந்துவிட்டார். சுவிட்சை அணைக்கவில்லை. அதில் மாட்டியிருந்தது ஆட்டோ ஸ்டார்ட்டர். நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் வெறும் சேறு. "எனக்கு முன்னாடி கொக்கு வந்து நின்னுச்சு அக்கா" என்று மாதக் கூட்டத்தில் சொல்லி அழுதார். மீன் போய்விட்டது, கடன் தவணை மட்டும் அப்படியே நின்றது.

கூட்டத்தில் சிலர் "கவனமா இருந்திருக்கணும்" என்றார்கள். அது உண்மைதான். ஆனால் கடன் கொடுத்த நாமும் ஃபுட்வால்வு குட்டையில் எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. அடியிலேயே கிடந்தால், ஒரு சின்ன மறதிக்கே குட்டை முழுக்கப் போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குட்டை 1,200 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆக, மொத்தம் ஏறக்குறைய 34 ஆயிரம் லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாம் தூங்கி எழும் நேரம்தான்! இதே குட்டையில் தண்ணீர் ஓர் அங்குலம் இறங்கினாலே 700 லிட்டர் போய்விட்டது என்று அர்த்தம்.

இதற்கு வழி தேடி எங்கேயும் போக வேண்டாம். நம்ம ஊர்க் கண்மாயைப் பாருங்கள். கண்மாயின் மடை, கண்மாயின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்காது. அதைவிடக் கொஞ்சம் மேலேதான் வைத்திருப்பார்கள். மடையைத் திறந்தே விட்டாலும், மடை மட்டத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது. ஆடு மாடு குடிக்கவும் மீன் பிழைக்கவும் அது மிஞ்சும். மடையைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று ஓர் ஆளையும் ஊரே நியமித்திருந்தது. அந்த ஆள் கண் அசந்தாலும் மீன் சாகாதபடி கண்மாயைக் கட்டியவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

நாமும் அதையே செய்ய வேண்டும். ஃபுட்வால்வைக் குட்டையின் அடியில் போடாமல், அடியிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்குமாறு செங்கல் மேடை கட்டி அதன்மேல் வைக்கலாம். இல்லையென்றால் கரையில் ஒரு கல்லுக்கால் நட்டு, கயிற்றில் அளந்து கட்டித் தொங்கவிடலாம். தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்ததும் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும். 17 ஆயிரம் லிட்டர் மிஞ்சும், மீனும் மிஞ்சும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் கெட்டுப்போகும் என்பதும் உண்மை. அதனால் தண்ணீர் குறைந்தால் தானாக நிற்கும் மிதவை சுவிட்சை எலக்ட்ரீசியனை வைத்து மாட்டிக்கொண்டால் இன்னும் நல்லது. குட்டையில் இறைக்கும் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கரண்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. ஈரக் கையோடு மட்டும் தொடாதீர்கள்.

மோட்டார் இல்லாமலும் தண்ணீர் போகும். டியூப்பின் ஒரு முனை குட்டைக்குள், மறு முனை தாழ்வான பாத்தியில். ஒருமுறை தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால், கரண்ட் இல்லாமலே தானாக இழுத்துக்கொண்டே இருக்கும். முக்கால் அங்குல டியூப்பிலேயே நிமிடத்துக்கு 15, 20 லிட்டர் போகலாம். வேலை முடிந்ததும் டியூப்பைக் குட்டையிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள். கிணற்றிலிருந்து குட்டைக்குத் தண்ணீர் விடும்போதும் இதே ஆபத்து உண்டு. டியூப் முனை குட்டைத் தண்ணீரில் முங்கிக் கிடந்து, கிணற்று ஃபுட்வால்வும் ஒழுகினால், மோட்டார் நின்றதும் குட்டைத் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும். முனையைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கட்டி வையுங்கள். தண்ணீர் மேலிருந்து விழுவதால் மீனுக்குக் காற்றும் கிடைக்கும்.

கரை விஷயத்துக்கு வருவோம். மண் குட்டை என்றால் நண்டு வளையும் எலி வளையும்தான் எதிரி. வாரம் ஒருமுறை வெளிப்பக்கக் கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். காய்ந்திருக்க வேண்டிய இடம் ஈரமா இருந்தால், அங்கே வளை இருக்கிறது. மேலாக மண்ணைப் போட்டு மூடினால் நிற்காது. தோண்டி, களிமண்ணைப் பிசைந்து அடைத்துத் திமிசு போட வேண்டும். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஆனால் ஒருமுறை காய்ந்து வெடித்துவிட்டால் அந்த வெடிப்பு வழியா வெகுநேரம் குடிக்கும். அதனால் கரிசல் குட்டையை முழுசாக் காயவிடாதீர்கள். செம்மண் பக்கம் உள்ளவர்கள் அடியில் களிமண் பரப்பிச் சேறாக மிதித்துவிட வேண்டும், இல்லையென்றால் தார்ப்பாய் விரிக்க வேண்டும். தார்ப்பாய்க் குட்டைக்குள் ஆடும் நாயும் இறங்கினால் நகம் பட்டுக் கிழியும். சுற்றி முள்வேலி போடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான் காவல். ஐப்பசி மழைக்கு, கண்மாய்க்குக் கலுங்கு மாதிரி ஓர் ஓரத்தில் வழிந்தோட வழி வைத்து அதில் வலை கட்டுங்கள். வழி இல்லாத கரை உடைந்துதான் போகும்.

"தண்ணி குறையுது, வெயிலா ஓட்டையா தெரியலையே" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு வாளியைக் குட்டைக்குள் கல் மேல் வைத்து, வெளித் தண்ணீர் எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு வாளிக்குள்ளும் ஊற்றுங்கள். இரண்டிலும் அடையாளம் போடுங்கள். ஒரு நாள் முழுக்க இறைக்கவும் வேண்டாம், ஊற்றவும் வேண்டாம். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது வெயில் குடித்தது. குட்டை மட்டும் கூடுதலா இறங்கினால் ஒழுகல். நம்ம மதுரைக் கோடையில் வெயில் மட்டும் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை குடிக்கலாம். அதற்கு மேல் போனால் தேடித்தான் ஆக வேண்டும்.

பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்காது, நாரை கேட்ட வரம் அது என்று திருவிளையாடல் கதை சொல்வார்கள். நம் குட்டைக்கு அந்த வரம் கிடையாது. தண்ணீர் இறங்கினால் கொக்கும் நாரையும் முதலில் வரும். அதற்குள் நாம் போய்விட்டால் என்ன செய்வது?

மீனை அண்டாவில் நெருக்கி அடைக்காதீர்கள். நிழலில் இருக்கும் தொட்டியிலோ பல டிரம்களிலோ பிரித்து விடுங்கள். போர்த் தண்ணீரில் காற்று குறைவு, அதனால் உயரத்திலிருந்து கல் மேல் சிதறி விழும்படி விடுங்கள். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும், அது மீனைக் கொல்லும். திறந்த டிரம்மில் ஒரு நாள் வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். உச்சி வெயிலில் சூடேறிக் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக விட்டாலும் மீன் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா, இடைவெளி விட்டு நிரப்புங்கள். அன்றைக்குத் தீவனம் போட வேண்டாம். செத்த மீனை உடனே பொறுக்கி எடுத்துவிடுங்கள், கிடந்து அழுகினால் மிச்சத் தண்ணீரும் கெடும்.

அந்தத் திருமங்கலம் சகோதரிக்குக் குழு இரண்டு மாதத் தவணையைத் தள்ளிக் கொடுத்தது. இப்போது மறுபடி குஞ்சு விட்டிருக்கிறார், ஃபுட்வால்வு செங்கல் மேடை மேல் இருக்கிறது. குட்டை வைத்திருக்கும் மற்ற உறுப்பினர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குட்டையின் நீளம், அகலம், ஆழம், ஃபுட்வால்வு அடியிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வந்தாலும் போதும், கணக்கை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து போடுவோம்.