‘ஓகே’ வந்த பிறகும் கேள்

அன்புத் தங்கைக்கு,

ஆய்வக ரோபோக்களுக்கு நிரல் எழுதும் வேலையில் நீ சேர்ந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள். கருவியை ஓட்டுவது இந்த வேலையில் பாதிதான். ஒவ்வொரு மாதிரியும் இப்போது எங்கே இருக்கிறது, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எப்போது கேட்டாலும் உன் நிரல் பதில் சொல்ல வேண்டும்.

96 குழித் தட்டில் குழிக்குக் குழி இடைவெளி 9 மில்லிமீட்டர். 384 குழித் தட்டில் 4.5. இவை தரநிலை அளவுகள் என்பதால், திரவத்தை உறிஞ்சி விடும் டிப் எங்கே போக வேண்டும் என்பது வெறும் கணக்கு. போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. கிளிசரால் மெதுவாகத்தான் ஏறும். தண்ணீருக்கு வைத்த வேகத்தில் உறிஞ்சினால் அளவு குறையும். எத்தனாலோ வழியிலேயே சொட்டும். அதனால் உறிஞ்சும் வேகம், காத்திருக்கும் நேரம், காற்று இடைவெளி ஆகியவற்றைத் திரவத்துக்குத் திரவம் தனியாக வைக்கிறோம். ‘லிக்விட் கிளாஸ்’ என்பது இதுதான். வேறொருவர் வைத்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. தராசில் எடை பார்த்து உறுதி செய்துகொள்.

கருவி ‘ஓகே’ என்று பதில் அனுப்பும். பல கருவிகளில் அது ஆணை கிடைத்ததற்கான பதில் மட்டுமே. வேலை முடிந்ததா என்று தனியாகக் கேட்க வேண்டும். பதிலே வராமல் டைம்அவுட் ஆனால், உடனே அதே ஆணையை மறுபடி அனுப்பிவிடாதே. ‘இந்த இடத்துக்குப் போ’ என்பதை இரண்டு முறை சொன்னாலும் கை அதே இடத்தில்தான் நிற்கும். ‘50 மைக்ரோலிட்டர் விடு’ என்பது இரண்டு முறை போனால் குழியில் 100 இருக்கும்; முடிவைப் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே ஆணை அனுப்பும் முன் ஒரு பதிவு, முடிந்ததை உறுதி செய்த பின் ஒரு பதிவு எழுது. இரவில் டிப் சிக்கி ரோபோ நின்றுவிட்டால், காலையில் வருபவர் எந்தக் குழிவரை முடிந்தது என்று பார்த்துத் தொடர முடியும். சந்தேகமான குழியைச் சந்தேகம் என்றே குறித்து வை.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: விஞ்ஞானி ராஸ் கிங் குழுவினர் 2009இல் அறிவித்த ‘ஆடம்’, ஈஸ்ட் மரபணுக்களைப் பற்றித் தானே கருதுகோள் வகுத்துத் தானே சோதித்த ரோபோ. அதன் முடிவுகளை மனிதர்கள் கையால் சோதனை செய்து சரிபார்த்தார்கள். 66 லட்சம் அளவீடுகளில் ஒவ்வொன்றும் எந்தச் சோதனையில், எதற்காக எடுக்கப்பட்டது என்பதையும் ஒழுங்காகப் பதிந்து வைத்தார்கள். அப்படிப் பதிவு இருந்தால்தான் ரோபோவின் வேலையைப் பிறர் சரிபார்க்க முடியும்.

புதிய நிரலை முதலில் சிமுலேட்டரில் ஓட்டு. பிறகு சாயம் கலந்த தண்ணீரில். உண்மையான மாதிரி அதற்குப் பிறகுதான். ஒரு நோயாளியிடமிருந்து மறுபடி எடுக்கவே முடியாத ரத்தமாகவும் அது இருக்கலாம்.

இந்த வாரமே ஒரு வேலை செய். கருவியோடு நாள் முழுவதும் இருக்கும் டெக்னீஷியன் அருகில் உட்கார். எந்தப் பிழைச் செய்தியை அவர் படிக்காமலே தள்ளிவிடுகிறார் என்று பார். எந்தத் தட்டு, எந்தக் குழி, இனி என்ன செய்யலாம் என்று அவருக்குப் புரியும்படி அதை முதலில் மாற்றி எழுது.

அன்புடன்,
உன் அக்கா