அன்பளிப்பாக நன்னாரி சர்பத்: காய்ச்சும் முறையும் பேணவேண்டிய அமானிதமும்



ரமலான் நெருங்கினால் நம் டிரஸ்ட்டுக்கு வரும் கேள்விகளில் ஒன்று, "பெருநாளைக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு என்ன கொடுப்பது?" என்பது. கௌரவத்துக்காகக் கடன் வாங்கி இனிப்புப் பெட்டி கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். கையால் காய்ச்சிய ஒரு புட்டி நன்னாரி சர்பத் எந்த வீட்டுக்கும் ஏற்ற ஹதியாதான்.

மணச்சாறு என்றதும் பலருக்கும் வெனிலா எசன்ஸ் நினைவுக்கு வரும். வெனிலாக் காயை ஆல்கஹாலில் ஊறவைத்து மணத்தை இறக்குவதே வழக்கமான முறை. அமெரிக்கச் சட்டப்படி, அங்கு விற்கும் வெனிலாச் சாற்றில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். கேக் செய்யும் சகோதரிகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். நாம் சொல்ல வருவது, ஆல்கஹாலே தேவைப்படாத மணம் ஒன்று நம் மண்ணிலேயே இருக்கிறது என்பதுதான். நன்னாரி வேரின் மணப்பொருளும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினும் ஒரே வகை அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அணுக்கள் அமைந்த விதம் மட்டுமே வேறு. தஞ்சைப் பக்கம் ஊறுகாய் போடும் மாகாளிக் கிழங்கிலும் நன்னாரியின் அதே மணப்பொருள்தான் உள்ளது.

செய்முறை

1. நாட்டு மருந்துக் கடையில் நல்ல மணமுள்ள நன்னாரி வேர் 100 கிராம் வாங்குங்கள். மண் போகக் கழுவி, லேசாக இடித்து, நடுவிலுள்ள வெள்ளைத் தண்டை எடுத்துவிடுங்கள். மணம் மேல்தோலில்தான் இருக்கிறது.

2. முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இறக்கி, வேரின் மேல் ஊற்றி, இறுக மூடி இரவு முழுவதும் வையுங்கள். வேரை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

3. காலையில் துணியில் வடிகட்டி, அரை லிட்டர் சாற்றை அளந்து எடுங்கள். அதில் 1 கிலோ சர்க்கரையைக் கரைத்து அடுப்பில் வையுங்கள். ஒரு கொதி வந்ததும் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றை வடிகட்டி விட்டு இறக்குங்கள். பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சை உதவும்.

4. கண்ணாடிப் புட்டிகளையும் மூடிகளையும் வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரமே இல்லாமல் உலர்த்தி, ஆறிய பாகை ஊற்றுங்கள். சுமார் 1 லிட்டர் கிடைக்கும். கால் லிட்டர் புட்டி நான்கு நிரப்பலாம்.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பாகும் சிறிது எலுமிச்சைச் சாறும் போதும்.

நாம் செய்த தவறு

இந்த அளவில் கண்டிப்பாக இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் டிரஸ்ட் சார்பில் காய்ச்சிக் கொடுத்தபோது, செலவைக் குறைக்க எண்ணிச் சர்க்கரையைப் பாதியாக்கினோம். பத்து நாளில் சில புட்டிகளில் நுரை கட்டியது. ஒரு பெரியம்மா மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இது சர்பத் வாடையா இல்லையே தம்பி, கள்ளு வாடையால்ல வருது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். நீர்த்த சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் வளர்ந்து, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றிவிடும். மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால் அதனால் எளிதில் வளர முடியாது. ஆல்கஹால் வேண்டாமென்று காய்ச்சிய பொருளில் நம்முடைய சிக்கனமே அதை உண்டாக்கிவிட்டது. கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், நடந்ததைச் சொல்லி, புட்டிகளைத் திரும்ப வாங்கிக் கொட்டினோம். அன்று பட்ட வெட்கத்தை நாம் மறக்கவில்லை.

மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸின் பொருள் அன்றுதான் நமக்கு உறைத்தது. நபி (ஸல்) அவர்களுக்காக உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதை அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அருந்துவார்கள். மூன்றாம் நாள் மாலைக்குப் பிறகும் எஞ்சியிருந்தால் கொட்டிவிடுவார்கள் என்று முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. ஊறிய பானம் நாளாக ஆக மாறும் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு புட்டியிலும் காய்ச்சிய தேதியை எழுதி ஒட்டுங்கள். குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தச் சொல்லுங்கள். நுரையோ புளித்த வாடையோ வந்தால் கொட்டிவிடச் சொல்லுங்கள். விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அன்பளிப்புக்கு அந்தப் பதிவு இல்லை. ஆனால் அல்லாஹ்விடம் கணக்கு உண்டு.

யாருக்குக் கொடுப்பது?

ஜகாத் அதற்குரியவர்களுக்கு மட்டும். ஹதியா அப்படியல்ல, வசதியானவர், ஏழை, மாற்றுச் சமயத்தார் என்று யாருக்கும் கொடுக்கலாம். அடுத்த வீட்டுக்கே முதலில் கொடுங்கள். சர்க்கரை நோயாளி உள்ள வீடு என்றால் பாகு வேண்டாம். நன்னாரி வேரையே சிறு பொட்டலமாகக் கொடுங்கள். மண்பானைத் தண்ணீரில் போட்டுக்கொள்வார்கள்.

நறுமணப் பொருளை யாரேனும் கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க எளிது, மணமும் இனிது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வாங்குபவர் மறுக்கக் கூடாதென்றால், கொடுப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நம் எளிய அன்பளிப்புகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.